தூண்டில் முள்ளா, காசா?

"புதையல் தோண்டியவர்கள் கைது" என்ற தலைப்பு நம் நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் படும். மண்வெட்டி, அலவாங்கு, பூசைப் பொருட்கள், ஒரு ஸ்கேனர் இயந்திரம் ஆகியவை கைப்பற்றப்பட்டன என்று செய்தி முடியும். அவர்கள் கிளறிய மண்ணில் என்ன இருந்தது, அது எந்தக் காலத்துக்குரியது என்பது பெரும்பாலும் அச்சில் வருவதில்லை. அதேபோன்ற இயந்திரத்தைக் கையிலேந்தி வயல்வெளிகளில் நடப்பது இங்கிலாந்தில் பலருக்கு ஓய்வுநாள் பொழுதுபோக்கு. அங்கே கிடைப்பது ஆணியா நாணயமா என்று பார்த்துச் சொல்லவும் பதிந்து வைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதைப் பற்றி வகுப்பில் பேசும்போது, "நமக்கும் அப்படி ஒரு மெஷின் இருந்தால் எப்படி இருக்கும்!" என்று தோழிகள் சிலர் ஆசைப்பட்டார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. நம் மண்ணில் பழைய பொருட்கள் வெளிவர இயந்திரம் தேவையில்லை. அத்திவாரம் வெட்டும்போதும், கிணறு தோண்டும்போதும், தேயிலைக் கன்று நடும்போதும், மழை வெள்ளம் மண்ணை அரித்துச் செல்லும்போதும் அவை தாமாகவே வருகின்றன. வந்த பொருளை இன்னதென்று அறியும் கண்ணும், அதை வெளியே சொல்லும் துணிவும்தான் நம்மிடம் குறைவாக இருக்கின்றன.

முதலில் அந்த இயந்திரத்தின் மீதுள்ள மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வோம். உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் அதன் இரகசியம். சுருளொன்றில் ஆடலோட்டம் பாயும்போது மாறுகின்ற காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழியோட்டங்கள் தோன்றி, அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை உணர்ந்து கருவி ஒலியெழுப்புகிறது. அந்த ஒலி உலோகத்தின் கடத்துதிறனையும் பருமனையும் ஒட்டி மாறுமே தவிர, பொருளின் பெயரைச் சொல்லாது. ஒரு பொன் மோதிரமும் சோடாப் பேணியின் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே ஒலியை எழுப்பக்கூடும். ஆகவே கருவி முடிக்கும் இடத்தில்தான் மனிதரின் வேலை தொடங்குகிறது. கையில் கிடைத்தது என்ன?

இந்தக் கேள்வியின் கனத்தை உணர, கண்டி இராச்சியத்தில் புழங்கிய ஒரு காசை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் லாரின். வட்டமாக இராது. வெள்ளிக் கம்பியொன்றை இரண்டாக மடித்து, அதன் மேல் முத்திரை குத்தி, நம் நாட்டில் அதைத் தூண்டில் முள்போல வளைத்தும் வைத்தார்கள். ஐந்து கிராம் அளவுதான் நிறை. பாரசீகத்தின் தென்பகுதியிலுள்ள லார் என்னும் நகரின் பெயரே இதற்கு வந்தது. ஹோர்முஸ் துறைமுகத்திலிருந்து இந்துசமுத்திரக் கரையெங்கும் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் வணிகர்களின் கைகளில் இது பயணம் செய்தது. மாலைதீவில் ஒரு ருஃபியாவுக்கு நூறு லாரி என்று இன்றும் எண்ணுகிறார்களே, அந்த லாரியும் இதன் பெயர்தான்.

1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் இந்தத் தூண்டில் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசரின் அனுமதியோடு மக்களே இதைச் செய்துகொண்டார்களாம். வெள்ளியில் சந்தேகம் வந்தால், காசை நெருப்பில் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெண்மையாக வராவிட்டால் அது செல்லாக்காசு. நம் ஆய்வுகூடத்தில் நெருப்பே தேவையில்லை. பொருளை வளியில் ஒருமுறையும் நீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்தால் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அடர்த்தியைச் சொல்லிவிடும். ஒரு கனசென்ரிமீற்றருக்கு வெள்ளி 10.5 கிராம், செம்பு ஏறக்குறைய 9, ஈயம் 11.3, பொன் 19.3. வெள்ளி முலாம் பூசிய செம்பு தன்னை மறைக்க முடியாது.

இப்போது நினைத்துப் பாருங்கள். மண்வெட்டியின் நுனியில் ஒரு கறுத்த, வளைந்த கம்பித் துண்டு அகப்படுகிறது. வெள்ளி மண்ணுக்குள் கிடந்தால் கறுக்கும் என்பதை இரசாயனவியல் படித்தவர் அறிவார். மற்றவருக்கு அது பழைய கம்பி, அவ்வளவுதான். பழைய இரும்பு, போத்தல் சேர்ப்பவரின் சாக்குக்குள் அது போய்விடும். ஒரு காலத்து வணிகப் பாதையின் ஒரு சான்று அன்றோடு இல்லை.

சரியாக அறிந்துகொண்டால் ஒரு பொருள் எவ்வளவு பேசும் என்பதற்கு நம் தென்கடலிலேயே சான்று இருக்கிறது. 1961இல் கிரிந்தவுக்கு அப்பால் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், மைக் வில்சன் என்ற சுழியோடியும் அவருடன் சென்ற பதின்ம வயதுச் சிறுவர் இருவரும் மூழ்கிய கப்பலொன்றின் எச்சங்களைக் கண்டார்கள். ஆதர் சி. கிளார்க் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். கிடைத்தவை வெள்ளி நாணயங்கள். ஏறக்குறைய ஆயிரம் நாணயங்கள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகியிருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பை எப்போதோ உக்கிப்போய்விட்டது. ஆனால் பையின் வடிவம் கட்டியில் அப்படியே நின்றது. நாணயங்களில் இருந்தவை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரும், சூரத் நகரின் அக்கசாலைப் பெயரும், ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டும்.

பெயர், ஊர், ஆண்டு, பையின் வடிவம். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு, சூரத்தில் அச்சாகிப் பைகளில் கட்டப்பட்ட புதுப்பணம் 1702ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கப்பலேறியது என்ற முடிவுக்கு வர முடிந்தது. யாராவது ஆசையில் கட்டிகளை உடைத்து, நாணயங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கடையில் விற்றிருந்தால் மிஞ்சியிருப்பது வெள்ளி மட்டுமே.

இந்த இடத்தில் நம் கல்லூரிச் சகோதரிகளுக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறேன். அந்த நாணயத்தின் ஆண்டை வாசிக்க நமக்குப் பேராசிரியர் தேவையில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஹஸ்ரத்திடம் அரபு எண்களைக் கற்ற ஆறு வயதுப் பிள்ளையும் மூன்று நேர்கோடுகளையும் அதன் பின் வரும் மூன்றையும் பார்த்து 1113 என்று சொல்லிவிடும். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். செய்து பாருங்கள்: 1701 முடிந்து 1702ஐ நெருங்கும். நாம் ஓதுவதற்கு மட்டும் பயன்படுத்தும் ஓர் எழுத்தறிவு வரலாற்றின் ஒரு கதவையும் திறக்கிறது. இந்த வாய்ப்பு இந்நாட்டின் எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை.

வேறு சில நாணயங்களுக்கு வேறு கண்கள் வேண்டும். வீ என்ற ஆங்கில எழுத்தின் இரு கைகளிலும் ஓவும் சீயும் கோத்திருந்தால் அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக்காசு. பெரும்பாலும் ஆண்டும் கீழே எழுதியிருக்கும். நிற்கும் மனித உருவம் ஒரு பக்கமும், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் மறுபக்கமும் இருந்தால் பொலன்னறுவைக் காலத்துச் செப்புக்காசாக இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று முறை அரியணை ஏறிய லீலாவதி அரசியின் காசு அது. அதில் அவர் பெயருக்கு முன்னால் "ஸ்ரீ ராஜ" என்றிருக்கிறது. ஒரு பெண் ஆண்டாள் என்பதை ஏட்டில் படிப்பதும், அவள் பெயர் பொறித்த காசைக் கண்ணால் காண்பதும் ஒன்றல்ல.

கிடைத்த பொருளை எப்படி நடத்த வேண்டும் என்பதில் நம் மார்க்கம் காட்டும் முறையும் நினைவுக்கு வருகிறது. வழியில் கண்டெடுத்த பொருளைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் முதலில் நன்கு அறிந்துகொள்ளுமாறும், பிறகு ஓராண்டு காலம் அறிவிக்குமாறும் பணித்ததாக ஹதீஸ் கிரந்தங்களில் வருகிறது. புதையலுக்கான சட்டம் வேறு என்பதை அறிவேன். ஆயினும் அந்த ஒழுங்குமுறையைக் கவனியுங்கள். முதலில் பொருளோடு இருந்தவற்றை அறிதல், அடுத்து மறைக்காமல் அறிவித்தல். கிரேட் பாசஸ் நாணயக் கட்டிகளில் நின்ற பையின் வடிவத்தைப் படித்தபோது எனக்கு இந்த ஹதீஸ்தான் மனதில் வந்தது.

நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். ஒரு செப்புக்காசு கிடைத்தால் முதல் வேலையாகப் புளி போட்டுத் தேய்க்கிறோம், இல்லாவிட்டால் தேசிக்காய். குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் அது நல்ல வைத்தியம். பழைய காசுக்கு அது நஞ்சு. பச்சைக் களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். ஆகவே தேய்க்காதீர்கள். கழுவவும் வேண்டாம். கிடந்த இடத்தைப் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்தால் அளவும் தெரியும். எவ்வளவு ஆழத்தில், எந்த நிற மண்ணில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்று எழுதுங்கள். கூடக் கிடந்த மட்பாண்டத் துண்டு காசைவிடப் பெரிய சாட்சியாகலாம். காந்தத்தை அருகே கொண்டுசென்றால் இரும்பா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் தோண்டுவது நம் வேலையில்லை.

ஏனென்றால் சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். தற்செயலாகக் கிடைத்தாலும் அறிவிக்க வேண்டும். எது தொல்பொருள் என்பதற்கு அச்சட்டம் வைத்திருக்கும் எல்லைநாள் நம் ஊருக்கு மிக நெருக்கமானது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாள் அது. அதற்கு முற்பட்ட லாரின் தொல்பொருள். விக்டோரியா மகாராணியின் தலையும் மறுபக்கம் மரமும் பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதம் அதற்குப் பிற்பட்டது. எனவே ஒரு பொருளை இன்னதென்று அறிவது வெறும் ஆர்வம் மட்டுமன்று. அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோமா என்பதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் மக்கள் ஏன் மறைக்கிறார்கள்? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் மலசலகூடக் குழி வெட்டியபோது உடைந்த முட்டியொன்றும் ஒரு பிடி பச்சை பிடித்த காசுகளும் வந்தன. அன்று பின்னேரமே "தங்கக் குடம்" என்று கதை பரவிவிட்டது. இரவில் ஊருக்குப் பழக்கமில்லாத வேனொன்று இரண்டு தடவை வந்து போனது. பொலிஸுக்குச் சொன்னால் விசாரணை, அதிகாரிகள் வந்தால் காணியே கையை விட்டுப் போய்விடும் என்று ஆளுக்கொரு பயம் சொன்னார்கள். மூன்றாம் நாள் அந்தக் காசுகள் பழைய இரும்போடு நிறுத்துக் கொடுக்கப்பட்டன. குழியும் அவசரமாக மூடப்பட்டது. அந்த வீட்டு மாமியிடம் பிறகு ஒருநாள் நான் கேட்டேன். "அது போனாப் போகட்டும் மகள். ராவைக்கு நிம்மதியாத் தூங்கினாப் போதும்" என்றார்.

அவரை என்னால் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தக் காசுகள் எவை? டச்சுக்காரர் காலத்தவையா, லீலாவதி பெயர் பொறித்தவையா, விக்டோரியா சதங்களா? இனி எவராலும் சொல்ல முடியாது. பயம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஊர் தன் கதையில் ஒரு பக்கத்தை இழந்துவிட்டது.

இங்கிலாந்திலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1997இல் அங்கே தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தின்படி, மண்ணில் கிடைத்தவற்றைக் கொண்டுவந்து காட்டுவோரை வரவேற்று, பொருளைப் பார்த்துப் பதிவுசெய்து, அது என்னவென்று விளக்கிச் சொல்லும் அலுவலர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். இதுவரை பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதியப்பட்டுள்ளன. 2009இல் ஸ்டஃபோர்ட்ஷயரில் கிடைத்த பொற்குவியலுக்கு முப்பத்திரண்டு இலட்சம் பவுணுக்கு மேல் மதிப்பிடப்பட்டு, கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பகிரப்பட்டது.

அங்கும் எல்லாம் ஒழுங்காக நடப்பதில்லை. 2015இல் லெம்ஸ்டர் என்னும் இடத்தருகே வைக்கிங் காலத்துக் குவியலொன்றைக் கண்ட இருவர் அதை அறிவிக்காமல் விற்றார்கள். 2019இல் சிறை சென்றார்கள். ஏறத்தாழ 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டதில் அப்போது கைக்கு வந்தவை முப்பது அளவில்தான். அந்தச் சிலவற்றிலேயே இரண்டு அரசர்கள் அருகருகே வீற்றிருக்கும் நாணயங்கள் இருந்தன. ஒருவரின் நிழலில் மற்றவர் மறைந்துபோன வரலாற்றை அவை திருத்தி எழுத வைத்தன. வராமல் போனவை வேறென்ன சொல்லியிருக்குமோ!

இதைச் சொன்னதும், "அப்படியானால் இங்கும் அனுமதி கொடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். நான் உடன்படமாட்டேன். விகாரைகளையும் தூபிகளையும்கூட இரவோடிரவாகக் குடையும் கூட்டங்கள் உள்ள நாட்டில் அந்த அனுமதி யார் கையில் போய்ச் சேரும் என்பது தெரிந்ததே. தேடும் கருவியை அவர்களிடமே விட்டுவிடுவோம். பதியும் அலுவலரை இங்கே கொண்டுவருவோம். பிரதேச செயலகத்தில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு படிவம், ஒப்படைத்தமைக்கு ஒரு பற்றுச்சீட்டு, ஒரு மாதத்துக்குள் "நீங்கள் தந்தது இன்னது" என்று ஒரு பதில் கடிதம், காணிக்கு என்ன நடக்கும், என்ன நடக்காது என்று எழுத்தில் ஒரு விளக்கம். இவை இருந்தால் அந்த மாமி காசுகளை எடைக்குக் கொடுத்திருக்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

ஒரு சங்கடமான விடயத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச்சில் திகன என்ற பெயர் எதற்காக உலகச் செய்திகளில் வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வீடுகளும் கடைகளும் எரிந்த அந்த நாட்களில் நான் ஆரம்பப் பிரிவு மாணவி. "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்ற கேள்விக்குப் பதிலாகப் பழம்பொருட்களைத் தேடும் ஆவல் நம்மில் சிலருக்கு இருக்கிறது. அந்த ஆவலைப் புரிந்துகொள்கிறேன். ஆயினும் பழைய காசைக் காணி உறுதியாக்க எனக்கு விருப்பமில்லை. அந்த லாரினையே மறுபடி பாருங்கள். பாரசீக ஊரின் பெயர், அரபு எழுத்து முத்திரை, கண்டி அரசனின் அனுமதி, அதை நெருப்பில் காய்ச்சிப் பார்த்து வாங்கிய கண்டி நாட்டவரின் கை. இதில் எந்தப் பகுதியை அறுத்தெடுத்து "இது எங்களுடையது" என்று சொல்ல முடியும்? முந்தி வந்தவர் யார் என்று அது சொல்வதில்லை. வந்தவரும் இருந்தவரும் ஒரே காசை நம்பிக் கொடுத்து வாங்கினார்கள் என்று சொல்கிறது. அந்தச் சாட்சியம் திகனவுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

அரசாங்கம் செய்யும்வரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த கொப்பியைத் திறக்கலாம். கிடைத்த பொருளின் படம், இடம், திகதி, ஆழம், நிறை என்று பக்கம் பிரித்துப் பதியலாம். அரபு தெரிந்தவர் எழுத்தை வாசிக்கட்டும். விஞ்ஞானப் பிரிவினர் அளக்கட்டும். வரலாறு படிப்போர் 1924இல் வெளிவந்த கொட்ரிங்ரனின் இலங்கை நாணய நூலோடு ஒப்பிடட்டும். 1815க்கு முற்பட்டது என்று தோன்றினால், தாமதிக்காமல் ஆசிரியர் மூலம் உரியவர்களுக்கு அறிவிப்போம். பக்கத்துச் சிங்களப் பாடசாலை மாணவிகளையும் இதில் சேர்த்துக்கொண்டால் அந்தக் கொப்பி இன்னும் நம்பகமாகும்.

வரட்சிக் காலத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றும்போது, நீருக்குள் போன பழைய தெல்தெனிய நகரின் சுவர்கள் தலைகாட்டுகின்றன. சனங்கள் அங்கே போய் நடக்கிறார்கள். சேற்றில் ஏதாவது மின்னினால் குனிந்து எடுப்பது மனித இயல்பு. "இதற்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பதும் இயல்புதான். அதற்கு முன்னால் "இது எங்கே, எதோடு கிடந்தது?" என்று ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் நம் தலைமுறைக்கு வந்துவிட்டால் போதும். ஒரு வளைந்த கம்பி குப்பைக்குப் போகாமல் தப்பிவிடும்.